யானைக்கல் ஊரில் இரண்டு அங்குலம்

வண்டியைத் தூக்கினால் அடிப்பாகம் உயரும் என்பது பாதிதான் உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ளக் குனிய வேண்டும். பழைய ஹைலக்ஸோ பெரோசாவோ, ஏதாவது ஒரு ஃபோர் வீல் வண்டியின் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் தண்டின் நடுவே இரும்புக் குடம் ஒன்று தொங்கும். அதுதான் டிஃப்ரன்ஷியல், பட்டறைப் பேச்சில் ‘டிஃப்’. வண்டியில் தரைக்கு மிக நெருக்கமான பொருள் அநேகமாக அதுவே. லோரித் தடங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் மண்முதுகில் முதலில் உரசுவதும் அதுவே. ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு அங்குலம் தூக்கினாலும் நான்கு அங்குலம் தூக்கினாலும் அந்தக் குடம் இருந்த இடத்தில்தான் இருக்கும். அச்சின்மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங், தனக்கு மேலே இருப்பவற்றை மட்டுமே தூக்கும்: சாசி, எஞ்சின், கியர்பாக்ஸ், பாடி, உள்ளே இருக்கும் நாம். குடம் உயர வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும்.

மலேசியாவின் பேராக்கில், பத்து காஜாவிலும் ஈப்போவிலும் பட்டறை வாசலில் நின்று, “அண்ணே, ரெண்டு இஞ்சி தூக்கணும்” என்று கேட்கும் இளைஞர்களில் பாதிப்பேருக்கு இது தெரியும். பெரிய டயருக்கு இடம் வேண்டித்தான் அவர்கள் தூக்கச் சொல்கிறார்கள். மற்றப் பாதிப்பேர் அழகுக்காக. அதையும் நான் குறை சொல்லவில்லை. உயரமாக நிற்கும் வண்டிக்கு ஒரு மிடுக்கு உண்டு. அனுபவமுள்ள போர்மேன் ஸ்பேனரை எடுக்குமுன் “எதுக்குத் தம்பி?” என்று கேட்பார். எந்த மண், எவ்வளவு பாரம், எந்த ரோடு, எத்தனை நாளுக்கு ஒருமுறை காடு என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் மண்ணைப் பார்ப்போம். பத்து காஜா என்றால் யானைக்கல். பெயர் பொருத்தமானதுதான், ஏனெனில் கிந்தா பள்ளத்தாக்கில் ரயிலும் தார் ரோடும் வருவதற்கு முன் ஈயத்தைச் சுமந்தது யானை. 1879இல் பேராக்கைச் சுற்றிப் பார்த்த இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலப் பயணி, யானைமேல் ஏறிக் காட்டைக் கடந்த கதையைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். சொகுசான சவாரி என்று அவர் சொல்லவில்லை. வயிறு தரைக்கு எட்டாத உயரம், ஒவ்வொரு காலும் தனித்தனியே மேடுபள்ளம் பார்த்து ஊன்றும் திறன், பாதத்தின் அகலம் காரணமாகச் சேற்றில் ஆழப் புதையாத தன்மை என மூன்றும் யானைக்கு உண்டு. வண்டியைத் தூக்க விரும்புபவர் இவற்றில் முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார். காட்டு ஓட்டத்தில் காரியம் செய்வது பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.

ஊரைச் சுற்றி மூன்று வகைத் தரை இருக்கிறது. ஒன்று தோட்ட ரோடு: ரப்பர் இருந்த காலத்தில் பால் லோரியும் இப்போது செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டரும் ஓடும் செம்மண் பாதை. வெயிலில் சிமெண்டுபோல் இறுகும், அரை மணி மழையில் சோப்புபோல் வழுக்கும். பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் வழியில் வில்லியம் கெல்லி ஸ்மித்தின் முடிவுறாத மாளிகை நிற்கிறதே, அதைச் சுற்றியிருந்த கிந்தா கெல்லாஸ் தோட்ட மண் இந்த வகை. ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்தார். மாளிகை பாதியில் நின்றது. அதைக் கட்ட வந்த தமிழர்கள் கேட்டுக் கட்டிக்கொண்ட மாரியம்மன் கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. பேராக்கின் இந்தப் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும். தோட்ட ரோட்டின் உண்மையான குணம் அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது, ஈயச் சுரங்கம் விட்டுப்போன மணல். தஞ்சோங் துவாலாங் பக்கம் டிடி5 என்ற பழைய ஈயம் வாரும் கப்பல் இன்று காட்சிப் பொருளாக நிற்கிறது. 1938இல் கட்டியது, 4,500 டன் எடை, 1982 வரை மண்ணை வாரி ஈயத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்னால் துப்பிக்கொண்டே போனது. அது துப்பியதில் கனமானது மணலாகவும் நுண்ணியது களிச்சேறாகவும் படிந்தது. மணலில் சிக்குபவருக்கு உயரம் உதவாது. டயரின் காற்று உதவும். 32 பிஎஸ்ஐயிலிருந்து 15, 16க்கு இறக்கினால் டயர் தரையில் படும் தடம் நீண்டு, யானைப் பாதம்போல் பாரத்தைப் பரப்பும். களிச்சேறு வேறு விஷயம். மேலே வெடித்துக் காய்ந்த தோடு, அடியில் கூழ். அங்கே எந்த வண்டியும் போகக்கூடாது. தூக்கிய வண்டிக்குக் கூடுதல் தைரியம் வருவதால், தூக்கிய வண்டிதான் அதில் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இறங்கும்.

மூன்றாவது, கோப்பெங்கின் கிழக்கே ஏறும் மலைச்சரிவு. உலு கெரோவில் செமாய் மக்களின் கிராமம், ரஃப்ளேசியா பூ, கம்பார் ஆற்றில் ரப்பர் படகு விடும் தொழில். படகுக்காரர்கள் ஆட்களை ஆற்றின் மேல்பகுதிக்கு ஏற்றிப்போவது பழைய லேண்ட்ரோவர்களிலும் பிக்அப்களிலும்தான். கல்லும் வேரும் ஓடையும் உள்ள இந்தப் பாதைகளில்தான் சஸ்பென்ஷன் வேலைக்கு உண்மையான பயன் இருக்கிறது.

லேண்ட்ரோவரைப் பேசினால் கேமரன் மலையை விடமுடியாது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலில் காட்டப்பட்ட அந்த வண்டியின் பழைய ரகங்கள், சிம்பாங் பூலாய் வழியாகவோ தாப்பா வழியாகவோ ஏறிப்போனால் இன்றும் காய்கறிக் கூடைகளோடு ஓடுவதைப் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலானவை தூக்கிய வண்டிகளே அல்ல. முட்டைக்கோஸ் பாரத்துக்காகப் பின்னால் ஒன்றிரண்டு தகடு கூட்டியிருப்பார்கள். பாரம் ஏறியதும் வண்டி நேராக நிற்கும், அவ்வளவுதான். சரிவான தோட்டத்தில் நாள் தவறாமல் ஓட்டுபவர்கள் உயரத்துக்குக் காசு செலவழிக்காததை நான் ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இனி தூக்கும் முறைகள். பாடி லிஃப்ட் எனப்படுவதை ஒரே வரியில் முடிக்கலாம்: சாசிக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைப்பது, டயருக்கு இடம் கிடைக்கும், வயிறு உயராது, ஸ்டீரிங் தண்டும் ரேடியேட்டர் ஹோஸும் இழுபடும்.

பட்டை ஸ்பிரிங்தான் நம்மூரில் அதிகம் பேச வேண்டியது. தமிழ்நாட்டு லோரிப் பட்டறைகளில் இதற்குக் கமான் பட்டை என்று பெயர்; கமான் என்றால் வில். சுசுகி எஸ்ஜே410க்கு நான்கு மூலையிலும் இதுதான். இந்தியாவில் 1985 முதல் மாருதி ஜிப்சி என்ற பெயரில் ஓடியது இதன் நீளமான வடிவம். ஹைலக்ஸ் போன்ற பிக்அப்களுக்குப் பின்னால் மட்டும். இதைத் தூக்க நான்கு வழி உண்டு.

ஸ்பிரிங் முனையைச் சாசியோடு இணைக்கும் ஷேக்கிலை நீளமாக்குவது மலிவு. ஆனால் ஸ்பிரிங்கின் ஒரு முனையை மட்டும் இறக்குவதால் அச்சு தன் அச்சிலேயே கொஞ்சம் திரும்பிவிடும். முன்பக்கம் செய்தால் ஸ்டீரிங்கின் நிதானம் போகும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது இரண்டாவது. பின்னால் மட்டும், அதுவும் சிறிய கட்டையாக இருந்தால் பொறுக்கலாம். முன்னால் வைப்பது தற்கொலை; பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொண்டு கட்டையைத் துப்பிவிடப் பார்க்கும்.

மூன்றாவது, பழைய பட்டையையே வளைத்து உயர்த்துவது. சிவக்கக் காய்ச்சி, வளைத்து, அப்படியே தரையில் போட்டு ஆறவிடும் பட்டறைகள் உண்டு. ஸ்பிரிங் எஃகைச் சுமார் 850 பாகை செல்சியஸ் வரை காய்ச்சினால் எண்ணெயில் தோய்த்து, மறுபடி 450, 500 பாகையில் பதப்படுத்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் வாசலில் அழகாக நிமிர்ந்து நிற்கும் வண்டி நான்கைந்து மாதத்தில் பழையபடி தொங்கும். எனக்கே நடந்தது. இந்த வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் மலிவென்று அடித்து வாங்கினேன். தீபாவளிக்கு நிமிர்ந்த வண்டி சித்திரைக்குள் குனிந்துவிட்டது. இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தது என்பதுதான் வேடிக்கை, ஏனென்றால் ஓட்டுநர் உட்காருவது வலது பக்கம்.

நான்காவது, தகடு கூட்டுவது அல்லது முழு செட்டையும் மாற்றுவது. இங்கேதான் ஒரு கணக்கு பலருக்கும் பிடிபடுவதில்லை. ஐந்து தகடு இருக்கும் இடத்தில் அதே கனத்தில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் தகட்டின் கனத்தைக் கூட்டினால் விறைப்பு அதன் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 7 மி.மீ. தகட்டுக்குப் பதில் 8 மி.மீ. போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. குலை ஏற்றும் பிக்அப்புக்கு அது வரம். காலி வண்டியில் ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போகிறவருக்கு அது முதுகுவலி. விறைத்த ஸ்பிரிங் பள்ளத்தில் சக்கரத்தை இறக்காது. சக்கரம் அந்தரத்தில் சுழன்றால், பூட்டு இல்லாத டிஃப் இருக்கிற சுழற்சியை எல்லாம் அந்தச் சுழலும் சக்கரத்துக்கே அனுப்பும். வண்டி நின்ற இடத்தில் நிற்கும். ஆஸ்திரேலியாவில் 1975இல் தொடங்கிய ஏஆர்பி நிறுவனம் காற்றழுத்தத்தில் பூட்டும் டிஃப்பை உலகெங்கும் விற்றுப் பெயர் வாங்கியதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சிக்கல்தான். செமாய் கிராமத்துப் பாதையில் நாலு அங்குலம் தூக்கிய வண்டி திணறும் இடத்தில், தூக்காமல் பின் டிஃப்பைப் பூட்டிய வண்டி ஏறிப்போவது அதிசயமில்லை.

முன்பக்கம் பட்டை இல்லாத வண்டிகளுக்கு இரண்டு கதை. பெரோசாவுக்கும் 2004க்கு முந்திய பல ஹைலக்ஸ்களுக்கும் முன்னால் டோர்ஷன் பார்: நீளவாக்கில் ஓடும் இரும்புத் தண்டு முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும். அதன் முனையில் இருக்கும் போல்ட்டை இறுக்கினால் வண்டி எழும். செலவே இல்லை, பத்து நிமிட வேலை. “டோர்ஷன் பாரை இறுக்குனா ஸ்பிரிங் டைட் ஆவும்” என்பது பட்டறைகளில் நிலைத்துவிட்ட நம்பிக்கை. தண்டின் விறைப்பு மாறுவதில்லை. அதே தண்டு, அதே கனம், அதே நீளம். மாறுவது அது நிற்கும் இடம். சக்கரம் கீழே இறங்க வேண்டிய தூரத்தை நாம் முன்கூட்டியே செலவழித்துவிடுகிறோம். பள்ளத்தில் இறங்கும்போது ஆர்ம் போய்க் கீழ் ரப்பரில் ‘டொக்’கென்று முட்டும், அந்த அடியைத்தான் ஆட்கள் விறைப்பு என்று நினைக்கிறார்கள். கூடவே, டிரைவ் சாஃப்ட்டின் சிவி ஜாயிண்ட் செங்குத்தான கோணத்தில் ஓடும். சேற்றில் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பிக்கொண்டு எண்ணெயை மிதித்தால் உடைவது அதுதான்.

பிந்திய ஹைலக்ஸுக்கும் அதன் போட்டி வண்டிகளுக்கும் முன்னால் சுருள் ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒன்றாகச் சேர்ந்த கால். அதன் தலையில் 25 மி.மீ. வளையம் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 50 மி.மீ. கிடைக்கும், ஏனென்றால் அந்தக் கால் ஆர்மின் நடுப்பகுதியில் ஊன்றியிருக்கிறது. இந்தப் பெருக்கம் தெரியாமல் “இன்னொரு வளையம் போடு” என்பவர்கள் மேல் ஆர்மின் போல் ஜாயிண்ட்டை அதன் எல்லைக்குத் தள்ளுகிறார்கள். வளையத்தைவிட, தேவையான நீளத்துக்கும் பாரத்துக்கும் செய்த ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் சேர்ந்த செட்டே நல்லது. இந்த வகை வண்டியில் முன் டிஃப் சாசியோடு சேர்ந்திருப்பதால் முன்பக்கக் குடம் உண்மையாகவே உயரும் என்பது ஓர் ஆறுதல். அதற்குக் கொடுக்கும் விலை மறுபடி சிவி ஜாயிண்ட்டில்.

இவ்வளவும் கொடுத்து என்ன கிடைக்கிறது? 235/75 ஆர்15 டயரின் விட்டம் 733 மி.மீ.; அதை 31 அங்குல டயராக மாற்றினால் 787. குடம் உயர்வது அந்த வித்தியாசத்தில் பாதி, அதாவது 27 மி.மீ., ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஸ்பீடோமீட்டரை மாற்றாவிட்டால் அது 100 காட்டும்போது வண்டி 107இல் போகும்; நெடுஞ்சாலைக் கேமராவிடம் இந்த விளக்கம் செல்லாது. வயிற்றுக் கோணத்தைப் பாருங்கள். மேட்டின்மேல் ஏறி இறங்கும்போது நடுவயிறு தட்டாமல் கடக்கும் கோணம் அது. ஹைலக்ஸ் டபுள் கேப்பின் முன்பின் அச்சுகளுக்கு நடுவே 3,085 மி.மீ. வயிறு 220 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் கோணம் சுமார் 16 பாகை. 50 மி.மீ. தூக்கினால் 20க்குச் சற்றுக் குறைவு. எஸ்ஜே410இன் அச்சுத் தூரம் 2,030 மி.மீ.தான், அதே 220 மி.மீ. வயிறு இருந்தால், ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் 24 பாகைக்கு மேல். முப்பது நாற்பது வயதான சின்ன சுசுகி, புத்தம்புது பிக்அப் வயிறு தட்டி நிற்கும் மேட்டை ஆட்டுக்குட்டிபோல் தாண்டிப் போவதன் ரகசியம் இந்தக் கணக்கில் இருக்கிறது. பிக்அப் வைத்திருப்பவர் சுசுகியின் வேலையை அதனிடம் எதிர்பார்த்துத்தான் மேலும் மேலும் தூக்குகிறார்.

தூக்குவதால் ஏறும் கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் கேள்விப்படாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பல பழைய பிக்அப்களின் பின்பக்கம், சாசியிலிருந்து அச்சுக்கு ஒரு கம்பி ஓடும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தமும், காலியாக உயர்ந்து நின்றால் குறைந்த அழுத்தமும் அனுப்பும் வால்வு அதன் முனையில் இருக்கிறது. வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினால் அந்த வால்வு வண்டி எப்போதும் காலி என்றே நம்பும். அரை டன் குலையோடு கோப்பெங் சரிவில் இறங்கும்போதுகூடப் பின் பிரேக் பாதி மனதோடுதான் பிடிக்கும். கம்பியின் தாங்கியை அதே அளவு உயர்த்தினால் தீரும் கோளாறு இது. ஆனால் தூக்கிய வண்டிகளில் இதைச் சரி செய்திருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தால், செய்யாதவையே அதிகம் கண்ணில் படுகின்றன. பிரேக் ஹோஸின் நீளம், ஏபிஎஸ் வயர், டிஃப்பின் மூச்சுக்குழாய், பின் தண்டின் கோணம், முன்விளக்கை எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் இறக்குவது எல்லாம் இதே வரிசை.

முன்பக்கம் கட்டை அச்சும் சுருள் ஸ்பிரிங்கும் உள்ள லேண்ட்ரோவர் டிஃபெண்டர் வகை வண்டிகளில் தூக்கும்போது அச்சு முன்னோக்கிச் சாய்ந்து கேஸ்டர் குறையும். கேஸ்டர்தான் ஸ்டீரிங்கை நேராகத் திரும்ப இழுப்பது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதுபோல. அது குறைந்தால் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வண்டி சொன்னபடி கேட்காமல் மேயும். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி, உயரம் மாறியதும் அச்சையே ஒரு பக்கமாக இழுத்து வைக்கும்.

கவிழ்வது பற்றிய கணக்கு இன்னும் நேரானது. இரண்டு சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தை, எடையின் மையம் இருக்கும் உயரத்தின் இரட்டிப்பால் வகுக்க வேண்டும். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2001 முதல் கவிழும் அபாயத்துக்குத் தரம் போட்டது இந்த எண்ணை வைத்துத்தான். சாதாரணக் கார்களுக்கு அது 1.3 முதல் 1.5 வரை இருக்கும். பிக்அப், ஜீப் வகைக்கு 1.0 முதல் 1.3. அகலம் 1,540, மையம் 700 மி.மீ. உயரத்தில் என்று கொண்டால் 1.10 வரும். ஸ்பிரிங்கும் டயரும் சேர்ந்து மையத்தை 70 மி.மீ. உயர்த்தினால் 1.00. பட்டியலின் கடைசி வரிக்கு வந்துவிட்டோம்; இன்னும் கூரைமேல் ரேக்கும் கூடாரமும் ஏற்றவில்லை.

இந்த விஷயத்தில் சுசுகிக்கே ஒரு வழக்கு வரலாறு உண்டு. எஸ்ஜே410இன் இளைய உடன்பிறப்பு அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் விற்றது. 1988இல் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் அது எளிதில் கவிழும் என்று கண்டித்தது. சோதனை நியாயமாக நடக்கவில்லை என்று சுசுகி 1996இல் வழக்குப் போட்டு, 2004இல் சமரசமானது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்திலேயே எட்டு வருடம் வழக்காடிய வண்டி அது. அதைத்தான் நம்மூரில் ஸ்பிரிங்கை அச்சுக்கு அடியிலிருந்து மேலே மாற்றி, ஒரே நாளில் ஐந்து அங்குலத்துக்கு மேல் தூக்குகிறார்கள். காட்டுக்கு லோரியில் ஏற்றிக் கொண்டுபோகும் போட்டி வண்டிக்கு அது சரி. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் வண்டிக்கு?

போட்டி என்றால் 1997இல் லூயிஸ் ஜே. ஏ. வீ தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்தான் நம் நாட்டின் அடையாளம். மழை உச்சத்தில் இருக்கும் ஆண்டுக் கடைசியை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து நடத்துவார்கள். 2014 முதல் அதன் இந்தியப் பதிப்பு கோவாவில் நடந்தது. ஜிப்சிகள் அங்கே பேர் வாங்கின. அந்த வண்டிகளின் படங்களைப் பார்த்துத்தான் நம் பையன்களுக்கு ஆசை பிறக்கிறது. படத்தில் உயரம் தெரியும். முன்னும் பின்னும் பூட்டிய டிஃப், இரண்டு வின்ச், உள்ளே இரும்புக் கூண்டு, மாற்று சாஃப்ட்டுகளோடு பின்னால் வரும் ஆட்கள் எதுவும் தெரியாது.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வண்டியின் கட்டமைப்பு பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும் மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் கையில் இருக்கின்றன. 1994 முதல் புஸ்பாகோம் சோதனை இருக்கிறது. தூக்குமுன் ஜேபிஜேயில் கேட்பது, தூக்கிய பின் சாலைத் தடுப்பில் கெஞ்சுவதைவிட மலிவு. காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிட வேண்டும். விபத்துக்குப் பிறகு வரும் மதிப்பீட்டாளர் முதலில் குனிந்து பார்ப்பது இந்த இடத்தைத்தான். இந்தியாவில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தராது என்று கறாராகச் சொன்னது. ஆஸ்திரேலியா நடுவழியில் நிற்கிறது: பல மாநிலங்களில் சிறிய உயர்வுக்கு அனுமதி, அதற்கு மேல் போனால் பொறியாளரின் சான்று. அப்படி ஒரு சான்று முறை இங்கே தெளிவாகவும் எளிதாகவும் இருந்தால் பட்டறைகளும் பொறுப்போடு நடக்கும் என்பது என் எண்ணம். நல்ல கைக்கும் மோசமான கைக்கும் வித்தியாசம் காட்டாத தண்டம், நல்ல கைகளைத்தான் சோர்வடையச் செய்கிறது.

அந்த நல்ல கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. ஈயம் 1985இல் சரிந்தது, தோட்டங்கள் கைமாறின, லயங்கள் காலியாயின. வெளியே வந்த பிள்ளைகளில் பலருக்குப் பட்டறைதான் பள்ளிக்கூடம். சீன முதலாளி, தமிழ்ப் போர்மேன், மலாய் வாடிக்கையாளர் என்று மூன்று மொழியில் நடக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றவர்கள் சில விஷயங்களைப் புத்தகம் பார்க்காமலே சரியாகச் செய்வார்கள். ஸ்பிரிங் கண்ணில் இருக்கும் புஷ் போல்ட்டை, வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கமாட்டார்கள். சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே கடைசித் திருகு. முன்பே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பழைய யூ போல்ட்டை மறுபடி போடமாட்டார்கள். அது ஏற்கெனவே நீண்டு முடிந்தது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் வந்து மறுபடி இறுக்கச் சொல்வார்கள். வரச் சொன்னால் வருபவர்கள் குறைவு.

இப்படிப் பார்த்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த அளவு இது. நாள்தோறும் ஈப்போ ரோட்டில் ஓடி, மாதத்துக்கு இரண்டு முறை கோப்பெங் சரிவிலோ தோட்ட ரோட்டிலோ இறங்கும் பிக்அப்புக்கு, பாரத்துக்குத் தகுந்த ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் சேர்த்து 40 மி.மீ. போதும். முதலில் நல்ல டயர், பிறகு காற்றளவு மானி, பிறகு பின் டிஃப் பூட்டு. அதற்கும் பிறகே தூக்குவது. எஸ்ஜே410 வைத்திருப்பவர் நல்ல பட்டை போட்டுக்கொண்டு சும்மா இருக்கலாம்.

வேலை தொடங்கும் காலையில் போர்மேன் செய்யும் முதல் காரியத்தை இன்னும் சொல்லவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டாங்கில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளப்பார். சாக்பீஸால் மட்கார்டின் உட்புறம் நான்கு எண்கள். போன தடவை என் வண்டிக்கு அளந்தபோது வலது பின்பக்கம் மற்றதைவிட 12 மி.மீ. தாழ்ந்திருந்தது. அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “மொதல்ல இத சரி பண்ணுவோம். தூக்குறது அப்புறம் பேசிக்கலாம்” என்றார். அந்த 12 மி.மீ. சரியானதும் வண்டி எனக்கு ஓரளவு உயர்ந்ததுபோலவே தெரிந்தது. மீதியைப் பேச நான் இன்னும் போகவில்லை.